பின்பக்க இடது பிரேக்

அவரை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு கல்யாணத்தில். சிங்கப்பூரில், தேக்கா பக்கத்து மண்டபம் ஒன்றில் தாலி கட்டி, சாப்பாடும் முடிந்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஆங் மோ கியோ வீட்டுக்கு அழைத்துப்போக அலங்காரக் கார் வாசலில் நின்றது. கல்யாணங்களுக்குக் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுவது எங்கள் தொழில். நாற்காலிகளைத் திரும்ப எடுத்துப்போக நானும் என் கணவரும் வந்திருந்தோம். திடீரென்று வாசலில் சத்தம். நீளக்கைச் சட்டையும் தேய்த்த பேண்ட்டுமாக, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒருவர், பூச்சரம் தொங்கும் காரின் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயரைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, இந்தக் கார்ல போகாதீங்க. உள்பக்கம் கம்பி தெரியுது" என்றார்.

மாப்பிள்ளையின் மாமா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "நல்ல நேரம் முடியப் போகுது, எந்திரிங்க மொதல்ல!"

"நல்ல நேரம் டயருக்குத் தெரியாதுங்க."

எழுந்தார், ஆனால் காருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். திட்டினார்கள், கையைப் பிடித்து இழுத்தார்கள், யார் வீட்டு விருந்தாளி என்று விசாரித்தார்கள். கடைசியில் பெண்ணுக்கே பொறுமை போய்விட்டது. "நான் டாக்சில போறேன் லா" என்று கூறைப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாலையை நோக்கி நடந்தாள். மாப்பிள்ளை பின்னாலேயே ஓடினார். நான் நாற்காலிக் கணக்கை மறந்துவிட்டுச் சிரித்தேன்.

"சிரிக்காத. அவர்தான் இன்ஸ்பெக்‌ஷன் அண்ணன். நம்ம லாரியையும் அவர்தான் பாக்குறாரு" என்றார் என் கணவர்.

சிங்கப்பூரில் தீபாவளி வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். பத்து வயது தாண்டிய லாரிக்குப் பரிசோதனை வருடத்துக்கு இரண்டு முறை வரும். அதில் தேறினால்தான் சாலை வரி கட்ட முடியும், சாலை வரி இல்லாத லாரி நின்ற இடத்தைவிட்டு நகரக் கூடாது. சிராங்கூன் ரோட்டைச் சுற்றியுள்ள சின்ன முதலாளிகளுக்கு, காய்கறிக்காரர், மளிகைக்காரர், புல் வெட்டும் காண்டிராக்ட் எடுத்தவர், கூடாரம் போடும் எங்களைப் போன்றவர்கள் எல்லாருக்கும், அந்த இரண்டு நாளும் பரீட்சை நாள்தான். எங்களிடமிருந்து லாரியை வாங்கிப் போய், பட்டறையில் விட்டுப் பழுது பார்த்து, பரிசோதனை நிலையத்தில் வரிசையில் நின்று காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் அவருடைய வேலை. வீடு செம்பவாங்கில். அதிகாலையில் வந்து லாரியை எடுத்துப்போவார்.

அந்த வேலை செய்கிறவருக்கு வாய் அடக்கம் வேண்டும். அது மட்டும் அவரிடம் இல்லை.

மளிகைக்காரர் ஒருவரின் லாரியை ஒருமுறை கொண்டுபோனார். உருளைமேல் ஏற்றிப் பிரேக் பார்த்தார்கள், புகை அளந்தார்கள், பள்ளத்தில் இறங்கி அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். எல்லாம் சரி. அதிகாரி தாளில் முத்திரை குத்தப் போகும்போது இவர், "சார், முன்னாடி வலது பக்க ஸ்பிரிங்ல ஒரு தகடு விரிசல் விட்டிருக்கு. சேறு மூடியிருக்கு, அதான் தெரியல" என்றாராம். அதிகாரி மறுபடி பள்ளத்தில் இறங்கினார். லாரி ஃபெயில்.

மளிகைக்காரர் கடை வாசலிலேயே அவரை நிற்கவைத்துக் கத்தினார். சாமான் வாங்க வந்த கூட்டம் முழுக்க வேடிக்கை பார்த்தது, நானும் பார்த்தேன்.

"பாஸ் வாங்கிட்டு வரத்தானேய்யா உன்னைய அனுப்புனேன்?"

"இல்லண்ணே. இன்ஸ்பெக்‌ஷனுக்குத்தான் அனுப்புனீங்க."

இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்று அவரை விரட்டிவிட்ட அதே மளிகைக்காரர் ஆறு மாதம் கழித்து அவருக்கே போன் போட்டார். வேறு யார் கொண்டுபோனாலும் மூன்று தடவை திரும்பத் திரும்ப வரிசையில் நிற்கவேண்டியிருந்தது. இவர் எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்த்துச் சரிசெய்துவிடுவதால் பெரும்பாலும் முதல் தடவையே முடிந்துவிடும். ஓட்டுநர்களும் அவர் பார்த்த லாரி என்றால் பேசாமல் சாவியை வாங்கிக்கொள்வார்கள்.

பரிசோதனைத் தாளை அவர் கையில் நீட்டமாட்டார். என் அலுவலகத்தில், அலுவலகம் என்றால் ஒரு மேசையும் மின்விசிறியும்தான், நடுவே நின்று வாசிப்பார். "முன் விளக்கு வெளிச்சம் கீழ இறங்கிருச்சு. எஞ்சின்ல எண்ணெய் ஒழுகுது. கரும்புகை அளவுக்கு மேல. பின் பம்பர் துரு." வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். "வயசான லாரியெல்லாம் இதுலதான் விழும் தங்கச்சி. வெளக்கு, புகை, எண்ணெய், டயரு. இதெல்லாம் சொல்லிட்டு வர்ற வியாதி. பிரேக்கு மட்டும் சொல்லாம வரும்." பாஸ் ஆன நாட்களில் பாஸ் என்று சொல்லமாட்டார். "இன்னிக்குச் சரியா இருக்கு" என்பார். அதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். ஆறு மாதத்துக்கு நிம்மதி என்று நான் நினைக்கும்போது இவர் ஒரு நாளுக்கு மட்டும் நிம்மதியைக் கொடுத்தால் எப்படி இருக்கும்?

ஒருநாள் கேட்டேவிட்டேன். "அண்ணே, உங்க வீட்ல யாரும் லாரில அடிபட்டு..."

"யாரும் இல்லையே. ஏன்?"

"இல்ல, இப்படிப் பயப்படுறீங்களே."

"யாராச்சும் செத்தாத்தான் பாக்கணுமா தங்கச்சி?" என்றார், நிஜமாகவே புரியாமல்.

ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவருடைய தம்பி லாரிக்கு அடியில் நசுங்கிச் செத்ததாகத் தேநீர்க் கடையில் ஒரு கதை உலவியது. அந்தத் தம்பி ஆங் மோ கியோவில் முடிதிருத்தும் கடை வைத்து நன்றாகவே இருந்தார். என் கணவருக்கே அங்கேதான் முடிவெட்டு.

என் கணவர் மாரடைப்பில் போனபோதும் அவர் வந்தார். பெட்டியை வண்டியில் ஏற்றியாகிவிட்டது. என்னை யாரோ இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இவர் வண்டியைச் சுற்றி வந்தார். நான் கண்ணீரோடு பார்த்துக்கொண்டே நின்றேன், வேண்டாம் அண்ணே, இன்றைக்கு வேண்டாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு. வண்டிக்காரர் காதருகே குனிந்து, "தம்பி, பின்னாடி இடது சிக்னல் எரியல" என்றார். காதோடு சொன்னது எல்லாருக்கும் கேட்டது. என் நாத்தனார் பல்லைக் கடித்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று முழுக்க நான் மனுஷியாக இருந்தது அந்த ஒரு நிமிடம்தான். அதற்காகவே அவர்மேல் எனக்கு ஒரு பிரியம் உண்டானது, இப்போதும் இருக்கிறது.

இப்படிப்பட்ட மனிதரை நான் ஒரே ஒருமுறை வாயை மூடச் சொன்னேன்.

கணவர் போன மறுவருடம் அது. தீபாவளிச் சந்தைக்குத் தேக்கா பக்கத்துத் திடலில் கூடாரங்கள் போடும் வேலை கிடைத்திருந்தது. அதை விட்டால் அந்த வருடம் சொல்லிக்கொள்ள வேறு வேலையே இல்லை. என்னிடம் எட்டுப் பேர் வேலை பார்த்தார்கள், எல்லாரும் தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம். நான் கடையை மூடினால் அவர்களுடைய வேலை அனுமதி போய்விடும், பெட்டியைக் கட்டவேண்டியதுதான். லாரியோ ஒன்றே ஒன்று, வயது பதின்மூன்று. திங்கட்கிழமை வேலை தொடங்க வேண்டும். சனிக்கிழமையோடு சாலை வரி முடிகிறது. வெள்ளிக்கிழமை லாரி ஃபெயில் ஆனது.

மேசைக்கு முன்னால் நின்று வாசித்தார். "பின்பக்க இடது பிரேக். வலது பக்கம் பிடிக்கிறதுல பாதிகூட இது பிடிக்கல." சக்கரத்துக்குள்ளே வீல் சிலிண்டர் என்று உள்ளங்கை அளவில் ஓர் உறுப்பு இருக்கிறது. அதிலிருந்து பிரேக் எண்ணெய் கசிந்து, சக்கரத்தைப் பிடிக்கும் பட்டையில் ஊறியிருந்தது. எண்ணெய் ஊறிய பட்டை பிடிக்காது, வழுக்கும்.

ஆங் மோ கியோ பட்டறைக்கு ஓடினேன். பட்டறைத் தவுக்கே, அதாவது முதலாளி, சீனர், எங்களுக்குப் பல வருடப் பழக்கம். இந்தப் பழைய மாடலுக்கு உறுப்பு மலேசியாவிலிருந்துதான் வர வேண்டும், வியாழக்கிழமை ஆகும் என்றார். வாடகை லாரி தேடினேன், தீபாவளி நேரத்தில் யாரிடமும் சும்மா நிற்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தவுக்கேதான் ஒரு வழி சொன்னார். இதே மாடலில் இன்னொரு லாரி எஞ்சின் வேலைக்காகப் பட்டறையில் நின்றது. அதன் சிலிண்டரையும் பட்டையையும் கழற்றி என் லாரியில் மாட்டிச் சனிக்கிழமை காலை காட்டிவிட வேண்டியது. மாலைக்குள் திரும்பக் கொடுத்துவிட வேண்டும், அந்த லாரியின் சொந்தக்காரர் திங்களன்று வருகிறார். என்னுடையதைக் கழுவித் துடைத்து, ரப்பரை மட்டும் மாற்றி மாட்டித் தருவார். "சில நாள் தாங்கும் லா" என்றார். ஓட்டுநர்கள் இதற்கு இரவல் பாஸ் என்று பேரே வைத்திருக்கிறார்கள். டயரையும் விளக்கையும் இரவல் வாங்கித் தேறியவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். பிரேக்கை இரவல் வாங்கியதாகக் கேள்விப்பட்டதில்லை.

அண்ணனைப் பட்டறைக்கு வரச்சொல்லி விஷயத்தைச் சொன்னேன்.

"இந்த ஒருதடவ வாயத் திறக்காதீங்கண்ணே."

கழற்றிப் போட்டிருந்த சக்கரத்தையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தன நாளு?"

"திங்க, செவ்வா, புதன். வியாழக்கெழம பார்ட் வந்துரும்."

"பின்னாடி ஆளு ஏறுமா?"

"ஆளு இல்லாம கூடாரம் எப்படிண்ணே போடுறது?"

"ஆளுங்கள பஸ்ல அனுப்பு."

அனுப்பியிருக்கலாம். மண்டாய் பக்கத்தில் அவர்கள் தங்கும் விடுதியிலிருந்து இரண்டு பஸ் மாறி வர ஒன்றரை மணி நேரம் ஆகும். நாள் ஒன்றுக்குப் போக வர மூன்று மணி நேரம். எனக்கு அந்த மூன்று மணி நேரம் வேண்டியிருந்தது. "வேலை முடியாதுண்ணே. இந்த வேலை போனா எட்டுப் பேரும் ஊருக்குப் போகணும். நீங்களே சொல்லுங்க, என்ன பண்ணட்டும்?" என்று அழுதேன். அழுகை பாதி நிஜம். மீதிப் பாதி அவருக்குக் காட்ட அழுதது.

அவர் சாவிக்குக் கையை நீட்டினார்.

சனிக்கிழமை நடந்ததை அவரோடு போன என் ஓட்டுநர் செல்வம் சொன்னான். உருளைமேல் இரண்டு பக்கமும் கச்சிதமாகப் பிடித்ததாம். அங்கே இருப்பவர்களுக்கு அவர் பழக்கம் தெரியும். "வேற ஏதாச்சும் இருக்கா அங்கிள்?" என்று அதிகாரி சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "இன்னிக்குச் சரியா இருக்கு சார்" என்றாராம். பிறகு என் அலுவலகத்துக்கு வந்தார். வாசிக்கவில்லை. தாளை மேசைமேல் வைத்துவிட்டு, போட்டு வைத்த தேநீரைத் தொடாமல் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நானும் விடுதி வாசலுக்குப் போனேன். ராத்திரி தூக்கமில்லை, செல்வத்தின் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக ஓட்டச் சொல்லலாம் என்ற எண்ணம். செல்வத்தைத் தவிர மற்ற ஏழு பேரும் லாரியின் பின்தட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, தேய்த்த சட்டையோடு, முழங்காலைக் கட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே இது? எறங்குங்க."

"பதினாறு பேரு வரைக்கும் ஏத்தலாம்னு பின்னாடி ஒட்டியிருக்கு. எண்ணிட்டேன். எடம் இருக்கு."

"வெளையாடாதீங்கண்ணே."

"ஏழு பேரு உக்காரலாம்னா எட்டாவதா நான் உக்காந்தா என்ன தங்கச்சி?"

கார்த்தி என்று ஒருவன், வந்து ஒரு வருடம்கூட ஆகாதவன், "ஏண்ணே, நீங்க எங்க கூட?" என்று கேட்டான். நான் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"பின்பக்க இடது பிரேக்கு சரியில்ல தம்பி. இரவல் வாங்கி பாஸ் ஆயிருக்கு. வியாழக்கெழமதான் மாத்துவாங்க. ஒங்ககிட்ட யாரும் சொல்லல, அதான் வந்தேன்."

செல்வமும் இறங்கி வந்து பக்கத்தில்தான் நின்றான். எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். யாராவது ஒருவன் இறங்கியிருந்தால் அன்றே எல்லாரையும் பஸ்ஸில் அனுப்பியிருப்பேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவனும் இறங்கவில்லை. இறங்கி எங்கே போவான்? அனுமதி என் பெயரில் அல்லவா இருக்கிறது. கார்த்தி கொஞ்சம் நகர்ந்து, அண்ணன் சாய்ந்துகொள்ள இடம் விட்டான். "அக்கா, போலாமா?" என்று கேட்டான் செல்வம். போகலாம் என்றேன்.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. வேகம் நாற்பதுக்கு மேல் போகவே இல்லை, பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்துத் தீர்த்தன. மாலையில் திரும்பும்போதும் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். விடுதி வாசலில் இறங்கியதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது. "பாத்தீங்களா? ஒண்ணும் ஆகல" என்றேன்.

"இன்னிக்கு ஆகல."

கோபம் தலைக்கேறியது. நாளைக்கு நீங்கள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் மழையில் குடையோடு வந்து ஏறினார்.

அப்பர் தாம்சன் சாலையில் மழை கொட்டியது. ஒரு பஸ் தன் நிறுத்தத்திலிருந்து வெளியே வந்தது, ஒன்றும் அவசரமாக வரவில்லை, விளக்குப் போட்டுத்தான் வந்தது. செல்வம் பிரேக்கை மிதித்தான். வலப்பக்கச் சக்கரம் பிடித்தது, இடப்பக்கம் பிடிக்கவில்லை. லாரி வலப்பக்கம் சுழன்று, நடுத்திட்டில் ஏறி, ஒரு மரத்தில் முட்டி நின்றது. எனக்கு சீட் பெல்ட் இருந்தது. பின்னால் இருந்தவர்களுக்கு என்ன இருந்தது? கம்பியும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டதும்தான்.

இறங்கி ஓடினேன். எண்ணினேன். ஏழு பேரும் இருந்தார்கள், ஏழு பேரும் பேசினார்கள். கார்த்திக்கு நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. அவனுடைய தலை இரும்புச் சட்டத்தில் முழுவேகத்தில் மோதாமல் நடுவில் கொடுத்த கை அண்ணனுடையது. மணிக்கட்டு தொங்கியது. அவரை நடைபாதை ஓரத்தில் உட்காரவைத்தார்கள்.

போக்குவரத்துப் போலீஸ்காரர் தமிழர், சின்ன வயது. லாரியின் தாள்களைக் கேட்டு வாங்கினார். "மூணு நாளைக்கு முன்னாடிதான் பாஸ் ஆகியிருக்கு" என்று ஆச்சரியப்பட்டார். "பிரேக் பிடிச்சுதா?" என்று செல்வத்தைக் கேட்டார். செல்வம் என்னைப் பார்த்தான்.

"மழை சார். ரோடு வழுக்கல்" என்றேன் நான்.

"மழை இல்ல சார்." கீழே உட்கார்ந்திருந்தவர் குரல். "பின்பக்க இடது பிரேக்கு."

"நீங்க யாரு அங்கிள்?"

"நான்தான் இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கொண்டுபோனேன். வேற லாரியோட சிலிண்டர மாட்டி பாஸ் வாங்குனேன். அப்புறம் பழசையே மாட்டிட்டேன்."

"தெரிஞ்சே பின்னாடி உக்காந்தீங்களா?"

"ஆமா சார்."

போலீஸ்காரர் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "ஓனருக்குத் தெரியுமா?"

பார்த்த குறையைச் சொல்லாமல் விட்டதே இல்லை அந்த மனிதர். கல்யாணத்தில் விட்டதில்லை, சாவு வீட்டில் விட்டதில்லை. முடிந்தது என்று நினைத்தேன். எட்டுப் பேருடைய பெட்டிகளும் கண்முன்னால் வந்தன, எனக்கு விலங்கு மாட்டுவார்களா என்றும் யோசித்தேன். இரண்டில் எதை முதலில் யோசித்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

"தெரியாது சார்" என்றார். "அவங்க பாஸ் பேப்பர மட்டும்தான் பாத்தாங்க."

போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியாதா மேடம்?"

முந்தின நாள் காலையில் விடுதி வாசலில் அவர் சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்த எட்டுப் பேரும் அங்கே நின்றார்கள். கார்த்தி நெற்றியில் துணியை அழுத்திப் பிடித்தபடி என்னையே பார்த்தான்.

"தெரியாது" என்றேன்.

ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது.

விபத்தைக் கேள்விப்பட்ட சந்தைக்காரர்கள் அன்று மதியமே தங்கள் லாரியை அனுப்பினார்கள். "முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றார்கள். நான் அவர்களிடம் கேட்கவே இல்லை. கேட்டால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம். கூடாரங்கள் புதன்கிழமை எழும்பி நின்றன.

அவர் மணிக்கட்டில் தகடு வைத்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்க்கப் போனேன், ஆரஞ்சுப் பழங்களோடு.

"ஏண்ணே எனக்காக அப்படிச் சொன்னீங்க?"

"ஒனக்காகச் சொல்லல." முகத்தில் கோபமில்லை, அதுதான் தாங்கவில்லை. "நீ போயிட்டா எட்டுப் பேரும் போகணும். அவனுங்க என்ன தப்புப் பண்ணுனானுங்க?" பிறகு, "லாரிய எப்ப குடுப்பாங்க?" என்று கேட்டார்.

"அடுத்த வாரம்."

"எடது மட்டும் மாத்தாத. ரெண்டு பக்கமும் மாத்து."

மாற்றினேன். விசாரணை பல மாதம் நடந்து அவருடைய ஓட்டுநர் உரிமம் போனது. தவுக்கே தன்னைக் காப்பாற்றிக்கொண்டார், லாரியைக் கொண்டுவந்ததும் எடுத்துப்போனதும் அண்ணன்தான் என்று சொல்லிவிட்டார். அது பொய்யும் இல்லை. ஒருநாள் மளிகைக்காரர் என்னைக் கடைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார். "யோக்கியன் வேஷம் போட்டு ஊரையே ஏமாத்திட்டான் பாத்தியா? புருஷன் இல்லாத பொம்பளைன்னு ஒன்னையும் ஏமாத்திட்டானேம்மா" என்று உச்சுக்கொட்டினார். அவர் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். இன்றைக்கும் சிராங்கூன் ரோட்டில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் இரவல் பாஸ்காரன் என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு இப்போது இரண்டு லாரி, இரண்டும் புதிது. ஆட்கள் வேனில் வருகிறார்கள். கார்த்தி மேஸ்திரி ஆகிவிட்டான், என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசமாட்டான்.

அவர் செம்பவாங்கில்தான் இருக்கிறார், எழுபதை நெருங்குகிறது. இதில் அவர் பெயரைப் போட்டால் போதும், படிக்கிற நாலு பேருக்காவது உண்மை தெரியும். நாலு தடவை எழுதினேன், நாலு தடவையும் அடித்தேன். அவர் பெயரைப் போட்டால் கீழே என் பெயரையும் போட வேண்டும்.